பழகிய கை, புதிய முகம்: திறந்த மூல மென்பொருளின் தோற்றத்தைப் புதுப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) ஒன்றின் தோற்றத்தை மாற்றி வெளியிட்டால், முதல் கிழமையில் வரும் முறைப்பாடுகளில் பல "வடிவில்லை" என்றுதான் தொடங்கும். கவனிக்க வேண்டியது இரண்டாவது வரியை. அங்கே "பில் அடிக்கிற பொத்தானைக் காணேல்லை" என்றிருக்கும். "முந்தி ஒரு திரையில் இருபது வரி தெரிந்தது, இப்போது பன்னிரண்டுதான்" என்றிருக்கும். "எஃப்4 அடித்தால் வேறு என்னவோ திறக்குது" என்றிருக்கும். இவற்றில் எதுவும் அழகைப் பற்றியதல்ல. ஒரு மனிதர் பல வருடமாகச் சேர்த்த வேகத்தை நீங்கள் ஒரே இரவில் பறித்துவிட்டீர்கள் என்பதே முறைப்பாடு.

அந்த வேகத்தை எப்படிப் பறிக்காமல் இருப்பது, பறிக்கத்தான் வேண்டுமென்றால் அதன் செலவில் எவ்வளவைத் திட்டக்குழு ஏற்றுக்கொள்வது என்பதே இங்கே விடயம். விளக்கத்துக்கு ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கொழும்பின் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் வெள்ளவத்தைப் பலசரக்குக் கடைகளிலும் ஓடக்கூடிய, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இயங்கும் ஒரு திறந்த மூல பில்லிங் மென்பொருள் அது.

படி 1: மாற்றங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

திட்டமிட்ட மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தோற்றம், இடம், நடத்தை என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். நிறம், எழுத்துரு, ஐகானின் வரைவு, மூலை வளைவு ஆகியவை தோற்றம். பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது, மெனுவில் எது எதற்குக் கீழே வருகிறது, ஒரு திரையில் எத்தனை வரி தெரிகிறது என்பவை இடம். ஒரு விசையை அழுத்தினால் என்ன நடக்கும், என்டர் அடித்தால் கர்சர் எங்கே போகும் என்பவை நடத்தை.

100ஆம் இலக்க பஸ்ஸுக்கு வேறு நிறம் அடித்தால் இரண்டு நாள் பேசிவிட்டு விடுவார்கள். நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைத்தால் ஒரு கிழமைக்குத் திட்டுவார்கள். அதே இலக்கத்தோடு அது காலி வீதியை விட்டு வேறு வழியால் போனால் யாரும் மன்னிக்கமாட்டார்கள். மூன்று குவியலுக்கும் எதிர்ப்பின் அளவு இப்படித்தான் கூடும். எனவே மூன்றையும் ஒரே வெளியீட்டில் போடாதீர்கள். தோற்றம் ஒரு வெளியீடு, இடம் அடுத்தது, நடத்தை கடைசி. ஒன்றாகப் போட்டால், வரும் கோபம் எதற்கானது என்று உங்களாலேயே பிரித்தறிய முடியாது. கடைசியில் நல்ல மாற்றத்தையும் சேர்த்துத் திருப்பி எடுக்க வேண்டிவரும்.

முப்பரிமாண உருவங்களை வரையும் பிளெண்டர் இதற்கு நல்ல பாடம். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பு தோற்றத்தை அடியோடு மாற்றியது. அதுவரை வலது கிளிக்கால் தெரிவு செய்துவந்தது இடது கிளிக்குக்கு மாறியது. மூன்று குவியலிலும் கை வைத்த மாற்றம் அது. ஆனால் முதல் முறை திறக்கும்போதே எந்தக் கிளிக்கால் தெரிவு செய்வது, பழைய 2.7 காலத்து விசைகள் வேண்டுமா என்று கேட்டார்கள். கண்ணுக்குப் புதியது பழகும்வரை கைக்குப் பழையதைப் பிடித்துக்கொள்ளலாம். மாறாக, 2008 ஜனவரியில் லினக்ஸ் இயங்குதளத்தின் திரைச்சூழலான கேடிஈ 4.0 வந்தபோது பழைய பதிப்பில் இருந்த பல வசதிகள் புதியதில் இன்னும் எழுதப்படவே இல்லை. 3.5ஐ விட்டு வர மனமில்லாதவர்கள் அதை டிரினிட்டி என்ற பெயரில் தனியாக வளர்த்தார்கள்.

பாவனை எவ்வளவு அடிக்கடி என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். 2004 டிசெம்பர் சுனாமிக்குப் பிறகு கொழும்பில் உருவான சகானா போன்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைத் தொண்டர்கள் அனர்த்தம் வரும்போதுதான் திறப்பார்கள். அவர்களுக்குக் கைப்பழக்கம் குறைவு, ஆகவே எதிர்ப்பும் குறைவு. ஆனால் அனர்த்தம் நடக்கும் கிழமையில் எதையும் மாற்றக்கூடாது. பில்லிங் மென்பொருளோ நாளுக்கு முந்நூறு தரம் அதே ஐந்து விசைகளைக் கேட்கிறது. அங்கே ஒரு விசையை நகர்த்துவதன் விலை முற்றிலும் வேறு.

படி 2: எதையும் வரைவதற்கு முன் பழையதை அளந்து வையுங்கள்

பெரும்பாலான திட்டங்கள் தாண்டிப்போகும் படி இது. பழையதில் ஒரு வேலைக்கு எத்தனை விநாடி பிடித்தது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், "புதியது மந்தம்" என்று யாராவது சொல்லும்போது மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது.

ஐந்து அல்லது ஆறு பேர் போதும், ஆனால் வகைகள் வேறாக இருக்க வேண்டும். புறக்கோட்டையில் கீபோர்டை மட்டுமே தொடும் ஒரு காசாளர், மவுஸால் மட்டும் வேலை செய்யும் ஒரு கடை முதலாளி, மாத முடிவில் அறிக்கை எடுக்கும் ஒரு கணக்காளர், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு புதியவர், திரையைச் சிங்களத்தில் வைத்திருப்பவர் ஒருவர். ஒவ்வொருவரோடும் 30 தொடக்கம் 40 நிமிடம் இருந்து எட்டு வேலைகளைப் பாருங்கள்: மூன்று பொருளுக்கு பில் அடிப்பது, ஒரு பொருளை பில்லிலிருந்து நீக்குவது, கடன் பில்லைப் பதிவது, திரும்பி வந்த பொருளை ஏற்பது, நேற்றைய பில்லைத் தேடி மறுபடி அச்சிடுவது, புதுச் சரக்கைப் பதிவது, விலை மாற்றுவது, நாள் கணக்கை மூடுவது. விநாடி, அழுத்திய விசைகள், பிழைத்துத் திரும்பிய இடங்கள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். "எது பிடிக்கும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணால் பார்த்தால் மட்டும் பிடிபடும் சில விடயங்கள் உண்டு. கவுண்டர் கணினியில் காலையில் ஒருவர் உள்நுழைந்தால் இரவுவரை மூன்று பேர் அதே கணக்கில் வேலை செய்வார்கள். கணக்குக்கு ஒரு விருப்பத்தேர்வு என்ற உங்கள் திட்டம் அங்கேயே உடைந்துவிடும். மொனிட்டர் பல இடங்களில் இன்னும் 1366க்கு 768 பிக்சல்தான். அதிலும் கீழ்ப்பகுதியில் அரை அங்குலத்தை ஒட்டிய விலைப்பட்டியல் ஒன்று மறைத்திருக்கலாம். பார்கோட் ஸ்கேனர் என்பது கணினிக்கு வேகமாகத் தட்டும் ஒரு கீபோர்ட். கர்சர் தேடல் பெட்டியில் நிற்காவிட்டால் இலக்கங்கள் வேறெங்கோ போய் விழும். புதிய வடிவமைப்பில் திறந்தவுடன் அழகான வரவேற்புப் பெட்டி ஒன்று வந்து கர்சரைப் பறித்தால், முதல் ஸ்கேன் தொலைந்தது.

இதே அளவீட்டைப் புதிய பதிப்பிலும் இரண்டு தடவை எடுக்க வேண்டும்: முதல் நாளும், பத்து வேலை நாள் கழிந்தும். முதல் நாள் எல்லோரும் மெதுவாகத்தான் இருப்பார்கள், அது பழக்கம். பத்து நாளுக்குப் பிறகும் பழைய விநாடிக்கு ஒரு வேலை இறங்கவில்லை என்றால் குறை பழக்கத்தில் இல்லை, வடிவமைப்பில். "பழகிவிடும்" என்று சொல்லும் உரிமை இந்த இரண்டாவது கணக்கு கையில் உள்ளவருக்குத்தான்.

படி 3: ஒரு பக்கத் தாள், முடிவெடுப்பவர் யார் என்ற பெயரோடு

ஏன் மாற்றுகிறோம், எது மாறும், எது மாறாது, எப்போது, யார் முடிவு எடுப்பார் என்ற ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "நவீனமாக்க" என்பது காரணமே அல்ல. அதை எழுதினால் எதிர்ப்பவர்களுக்கு நீங்களே ஆயுதம் கொடுத்ததாகும். "சாம்பல் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு 2.9:1, குறைந்தது 4.5:1 வேண்டும்", "தமிழில் வைத்தால் ஏழு பொத்தான்களில் எழுத்து வெட்டுப்படுகிறது", "பழைய கருவித்தொகுதிக்குப் பராமரிப்பு நின்றுவிட்டது" என்று எண்ணிக்கையோடு சொல்லக்கூடியவையே காரணங்கள்.

மாறாதவற்றின் பட்டியல்தான் தாளில் முக்கியமான பகுதி. எஃப் விசைகள் அனைத்தும் அப்படியே, என்டரின் வரிசை அப்படியே, அச்சிட்ட பில்லின் வடிவம் அப்படியே, ஏற்றுமதிக் கோப்பின் நெடுவரிசைகள் அப்படியே. எதிர்ப்பின் பெரும்பகுதி இன்னும் நடக்காத மாற்றங்களைப் பற்றிய பயம்தான். இந்தப் பட்டியல் அதைத் தணிக்கும்.

கருத்துக்கு மூன்று கிழமை கொடுங்கள். நிறத்துக்கு வாக்கெடுப்பு வைக்காதீர்கள். வைத்தால் வாக்களித்தவர்கள் மென்பொருளைப் பாவிப்பவர்களாக இருக்கமாட்டார்கள், தோற்றவர்கள் மாதக்கணக்காக மறக்கவும் மாட்டார்கள். இன்னொன்று: தரவுச் சேகரிப்பு, உரிம மாற்றம், புதிய சின்னம் ஆகியவற்றை இதே பொதியில் கட்டாதீர்கள். 2021இல் ஒலித் தொகுப்பு மென்பொருளான ஓடாசிட்டியில் பாவனைத் தரவு சேகரிக்கும் யோசனை வந்தபோது கிளம்பிய எதிர்ப்பால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஒன்றோடு தோற்ற மாற்றமும் சேர்ந்து வந்தால் நிறத்தைக்கூட உளவு என்றுதான் பார்ப்பார்கள்.

படி 4: பழைய முகத்தையே புதிய அடித்தளத்தில் எழுப்புங்கள்

நிரலில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் நிறக் குறியீடுகளையும் அளவுகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது முதல் வேலை. இவற்றுக்கு டோக்கன் என்று பெயர். பன்னிரண்டு தொடக்கம் பதினைந்து நிறங்கள், ஐந்து எழுத்தளவுகள், 4 பிக்சலின் மடங்குகளாக ஆறு இடைவெளிகள் என்பது நடுத்தர மென்பொருளுக்குத் தாராளம். வலைச் செயலியாக இருந்தால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் மாறிகளே போதும். டோக்கனுக்கு "நீலம்" என்று பெயர் வைக்காமல் "முதன்மைச் செயல்", "எச்சரிக்கைப் பின்னணி" என்று வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் "நீலம்" என்ற பெயருக்குள் பச்சை உட்கார்ந்திருக்கும்.

டோக்கன்களுக்கு முதலில் பழைய மதிப்புகளையே கொடுத்து, பாவனையாளருக்கு ஒன்றுமே மாறாத ஒரு வெளியீட்டைச் செய்யுங்கள். எதுவும் மாறவில்லை என்பதை உறுதிப்படுத்த ஸ்கிரீன்ஷொட் ஒப்பீடு வேண்டும். பிளேரைட் போன்ற கருவி முந்தைய படத்தையும் புதிய படத்தையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடும். முப்பது திரை, மூன்று மொழி, இரண்டு திரையளவு என்றால் 180 படங்கள். இதில் எல்லோரும் விழும் குழி எழுத்துரு. ஒருவரின் விண்டோஸிலும் இன்னொருவரின் உபுண்டுவிலும் எழுத்தின் விளிம்பு வேறு விதமாக வரையப்படுவதால் எல்லாப் படமும் தோல்வி என்று சிவக்கும். ஒப்பீட்டை ஒரே டொக்கர் படிமத்துக்குள் (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும் பொதி), எழுத்துருக்களையும் அதற்குள்ளேயே வைத்து ஓடவிடுங்கள். அசையும் பகுதிகள், திகதி, மணி ஆகியவற்றை உறையச் செய்யுங்கள்.

இந்தப் பெரிய மாற்றம் ஆயிரக்கணக்கான வரிகளைத் தொடும். அதன் பிறகு "இந்த வரியை யார், ஏன் எழுதினார்" என்று, நிரலின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் தேடினால் உங்கள் டோக்கன் கொமிட்தான் (ஒரே தடவையில் பதிந்த மாற்றம்) வந்து நிற்கும். பழைய பங்களிப்பாளர்களை எரிச்சலூட்ட இதைவிட வேறு வேண்டாம். கிட் 2.23 முதல், தேடலில் தாண்டிப்போக வேண்டிய கொமிட்டுகளின் அடையாளங்களை ஒரு கோப்பில் பட்டியலிட வழி உண்டு. இயந்திரத்தனமான மாற்றங்களைத் தனிக் கொமிட்டாக வைத்து அதில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: தமிழும் சிங்களமும் பொருந்துகிறதா

வடிவமைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே வரையப்படுகின்றன. கொழும்பில் அப்படிச் செய்தால் அரைவாசிப் பேருக்கு முதல் நாளே மென்பொருள் உடைந்து தெரியும், அவர்கள் அதை "புதியது கூடாது" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். எதிர்ப்பு என்று கணக்கில் ஏறுவதில் கணிசமானது உண்மையில் எழுத்துருப் பிழைதான்.

உயரத்தில் தொடங்குவோம். தமிழில் கீ, ரீ, க் மேலே போகும், கூ, மூ கீழே இறங்கும். சிங்களத்திலும் மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதுமான, எழுத்தளவின் 1.2 மடங்கு வரியுயரத்தில் ஒரு வரியின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் புள்ளியில் முட்டும். பந்திகளுக்கு 1.6, பட்டியல் வரிகளுக்கு 1.4க்குக் குறையாமல் வையுங்கள். பொத்தானுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரமும் உள்ளிடைவெளியும் கொடுங்கள். 28 பிக்சல் என்று பூட்டி, வழிவதை மறைக்கச் சொன்னால் "மூடு" என்ற சொல்லின் கால் வெட்டுப்பட்டுப் போகும்.

11 பிக்சலில் புள்ளி கரைந்துவிடும். கண்ணாடி போட்ட ஒருவருக்குக் கடன் எது, கடன எது என்று தெரியாது. தமிழுக்குக் குறைந்தது 14 வையுங்கள். தடித்த எழுத்தைச் சிறிய அளவில் தவிருங்கள், ண, ணை, ஞ போன்றவற்றின் உட்குழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். எழுத்திடை அகலத்தைக் கூட்டும் அலங்காரத்தைத் தமிழ், சிங்களத் திரைகளில் சுழியமாக்குங்கள். ஆங்கிலத் தலைப்பைப் பேரெழுத்தாக்கி வேறுபடுத்தியிருந்தால் அந்த வேறுபாடு இங்கே காணாமல் போகும், ஏனென்றால் நமக்குப் பேரெழுத்தே இல்லை. அளவாலோ நிறத்தாலோ காட்டுங்கள். சாய்வெழுத்துக்கும் இதே கதி: எழுத்துருவில் சாய்வு இல்லாவிட்டால் உலாவி தானே இழுத்துச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது.

அகலம் அடுத்த சிக்கல். ஒரு சிறிய ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் "இரத்துச் செய்க", "அச்சு முன்னோட்டம்", "திருப்பிப் பெறப்பட்டவை" வந்து நிற்கும். பொத்தானுக்கு ஆங்கிலத்தின் இரு மடங்கு அகலத்துக்கு இடம் விடுங்கள். முடியாவிட்டால் இரண்டு வரியாக உடைய அனுமதியுங்கள். மூன்று புள்ளி போட்டு வெட்டுவதுதான் மோசமான வழி. "பில்லை நீக்க…", "பில்லை நீட்…" இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்தால் யாரோ ஒருவர் பில்லைத் தொலைப்பார்.

கீபோர்டைப் பற்றியும் ஒரு சொல். தனி எழுத்தால் இயங்கும் ஷோர்ட்கட்டை, அழுத்திய விசையின் இடத்தைப் பார்க்காமல் அது தந்த எழுத்தைப் பார்க்கும்படி எழுதினால், தமிழ் விசைத்தளம் இயங்கும்போது அது வேலை செய்யாது. இலங்கையில் பாவிக்கப்படும் தமிழ் விசைத்தளமான ரெங்கநாதன் தளத்தில் தட்டச்சுபவருக்கு உங்கள் புதிய ஷோர்ட்கட் எதுவும் கிடைக்காது. விசையின் இடத்தைப் பாருங்கள், அல்லது எஃப் விசைகளோடு நில்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு வெளியீட்டுக்கு மூன்று கிழமை முன்பாவது சொற்றொடர்களைப் பூட்டிக்கொடுங்கள். கடைசி இரவில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றினால், தமிழ்த் திரையின் நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் துருத்திக்கொண்டு நிற்கும்.

படி 6: வெற்றிடத்தில் கைவைக்கும்போது

தோற்ற மாற்றங்களில் அதிகம் திட்டு வாங்குவது நிறமல்ல, வெற்றிடம். 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா வெக்டர் 2022 என்ற தோற்றத்துக்கு மாறியபோது, அகன்ற திரையின் இரு பக்கமும் கிடந்த வெள்ளைதான் பேசுபொருளானது. நீண்ட வரியைக் கண் தொடர முடியாது என்பது நியாயமான காரணம். ஆனாலும் அகலத்தைக் கூட்டிக்கொள்ள ஒரு பொத்தானும், கணக்குள்ளவர்கள் பழைய தோற்றத்துக்குத் திரும்ப ஒரு தேர்வும் இருந்தன. பயர்பொக்ஸ் உலாவி 2021 ஜூனில் 89ஆம் பதிப்பில் தாவல்களை உயர்த்திப் பருமனாக்கியபோது, நெருக்கமான அடுக்கை வழக்கமான பட்டியலிலிருந்து மறைத்தது. தேடித் திருப்பி எடுத்தவர்களுக்கு "ஆதரவில்லை" என்ற குறிப்போடு கிடைத்தது. இந்த இரண்டில் எதைப் பின்பற்றுவது என்று கேட்டால், தயங்காமல் முதலாவது.

எனவே அடர்த்தியை மூன்று நிலையாகக் கட்டுங்கள்: நெருக்கம், சாதாரணம், தளர்வு. டோக்கன் அடித்தளம் இருந்தால் இது ஆறு இடைவெளி எண்களை மாற்றும் வேலைதான். நெருக்கமான நிலையில் 768 பிக்சல் உயரத் திரையில் பழைய பதிப்பில் தெரிந்த அதே எண்ணிக்கை வரிகள் தெரிய வேண்டும். ஒரு வரி குறைந்தாலும் அது குறைதான், ஏனென்றால் காசாளர் அதை எண்ணிப் பார்ப்பார். தொடுதிரைக்கு நேர்மாறான தேவை உண்டு. அணுகுதிறன் நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் குறைந்தபட்ச இலக்கு 24க்கு 24 பிக்சல், கவுண்டரில் நின்று விரலால் தொடுபவருக்கு 44 வசதி. ஐகான், பெட்டிக் கோடு போன்றவற்றுக்கு மாறுபாடு 3:1 இருக்க வேண்டும்.

ஐகான்களை ஒற்றை நிறக் கோட்டோவியமாக்குவது இப்போதைய மோகம். படத் தொகுப்பு மென்பொருளான கிம்ப் 2018இல் 2.10 பதிப்பில் கருந்தோற்றத்தையும் ஒற்றை நிற ஐகான்களையும் இயல்புத் தேர்வாக்கியது, நிற ஐகான்களை அமைப்புகளில் வைத்திருந்தது. பழகியவர் ஐகானின் உருவத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தையும் இடத்தையும் வைத்துத்தான் கை போகும். ஐகானின் வரைவை மாற்றினால் நிறத்தையும் இடத்தையும் அந்த வெளியீட்டில் தொடாதீர்கள். கூடவே பெயரையும் எழுதுங்கள்.

படி 7: திகதி பார்த்து, கதவு திறந்து வைத்து வெளியிடுங்கள்

நான்கு கட்டங்கள். முதலில் சோதனைப் பதிப்பில் மட்டும், ஆறு கிழமை. பிறகு நிலையான பதிப்பில் விரும்பினால் போட்டுப் பார்க்கும் தேர்வாக, மூன்று மாதம். அதன் பின் புதியதே இயல்பு, பழையதற்குத் திரும்பலாம் என்ற நிலை, குறைந்தது ஒரு வருடம். கடைசியில் அகற்றல். இரண்டாவது கட்டத்தைக் குறைக்காதீர்கள். தாங்களாகப் போட்டுப் பார்த்தவர்கள்தான் மூன்றாவது கட்டத்தில் உங்கள் பக்கம் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இயல்பு மாறும் நாள் கொழும்பு நாட்காட்டிக்குப் பொருந்த வேண்டும். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, கணக்காளர்கள் அந்த மாதம் யார் பேச்சையும் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். ஏப்ரல் புத்தாண்டு வியாபாரம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை தீபாவளியும் நத்தாரும். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்வதால் அந்தந்த வருடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை விலக்கினால் ஜூன், ஜூலை மாதங்களில் இடம் கிடைக்கும். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல் நாளும் வெள்ளியும் வேண்டாம், உதவி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. செவ்வாய் காலை நல்லது.

திரும்பும் பொத்தானை எங்கே வைப்பது என்பதில் பல திட்டங்கள் கஞ்சத்தனம் காட்டுகின்றன. ஐந்தாம் நிலை மெனுவுக்குள் ஒளித்து வைத்த பொத்தான் இல்லாததற்குச் சமம். முதல் முப்பது நாள் மேல்பட்டையிலேயே "பழைய தோற்றம்" என்று எழுதி வையுங்கள், மறு தொடக்கம் கேட்காமல் ஒரே அழுத்தில் மாற வேண்டும். தேர்வைக் கணக்கோடு மட்டும் கட்டாமல் கணினியோடும் கட்டுங்கள். நிர்வாகி ஒரே இடத்திலிருந்து கடை முழுவதற்கும் முடிவு செய்யவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கவுண்டரில் காலையில் ஒரு முகம், மாலையில் இன்னொன்று.

கடைக்காரர் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்துக்கு வந்து இஷ்யூ (முறைப்பாட்டுப் பதிவு) எழுதப்போவதில்லை. மென்பொருளைப் போட்டுக்கொடுத்த தொழில்நுட்பக்காரருக்குக் கோல் எடுத்து, "தம்பி, அந்தப் பழையதையே திரும்பப் போட்டுத் தாங்கோ" என்பார். அவரும் பழைய பதிப்பை நிறுவிவிட்டுப் புதுப்பித்தலையே நிறுத்திவிடுவார். அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். எனவே அறிவிப்பு முதலில் போக வேண்டியது அந்தத் தொழில்நுட்பக்காரர்களுக்கு, நான்கு கிழமை முன்பாக. அனுப்ப வேண்டியவை மூன்று: மூன்று மொழியிலும் ஒரு பக்கப் படவிளக்கம் (பழைய இடம் இடப்பக்கம், புதிய இடம் வலப்பக்கம்), திரும்பும் பொத்தான் எங்கே என்ற ஒரு வரி, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத வட்ஸ்அப்பில் போகக்கூடிய வீடியோ.

படி 8: முதல் மூன்று கிழமை

வரும் முறைப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?" பதில் வந்தால் மூன்றில் ஒரு பெட்டியில் விழும். வேலை நின்றுவிட்டது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் திருத்த வேண்டும். வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக என்றால் பத்து நாள் அளவீட்டோடு ஒப்பிட வேண்டும். வேலையில் ஒரு குறையும் இல்லை, பார்க்கத்தான் பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லி, திரும்பும் பொத்தானைக் காட்டி, எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவது பெட்டியோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. நான்காம் பதிலை எழுதத் தொடங்கினால் கணினியை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது மேல்.

முதல் மூன்று கிழமைக்கு இடத்தையும் நிறத்தையும் திரும்பத் தொடாதீர்கள். உடைந்ததை மட்டும் திருத்துங்கள். ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு பொத்தானை நகர்த்தினால், பழகத் தொடங்கியவர்களும் மறுபடி பழக வேண்டிவரும். அளவீடு ஒரு மாற்றம் பிழை என்று காட்டினால் அதைத் தனியாக, காரணத்தோடு திருப்பி எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்புவது அடுத்த புதுப்பிப்பைப் பல வருடம் பின்தள்ளும்.

பதில் சொல்லும் வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள், குறிப்பாக வரைந்தவர் தலையில். இரண்டிரண்டு நாள் முறை வைத்து மாறுங்கள். ஆளைத் திட்டும் பதிவை ஒரு தடவை எச்சரித்துவிட்டு அகற்றுங்கள், மாற்றத்தைத் திட்டும் பதிவு எவ்வளவு காரமாக இருந்தாலும் நிற்கட்டும். சத்தம் அடங்குவதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டவர்களும் சத்தம் போடமாட்டார்கள். தொழில்நுட்பக்காரர்களிடம் எத்தனை கடையில் எந்தப் பதிப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

பிரிந்து போகிறவர்கள்

2011 ஏப்ரலில் லினக்ஸின் இன்னொரு திரைச்சூழலான ஜினோம் 3 வந்தபோது, ஜினோம் 2ஐ விரும்பியவர்கள் மேட் என்று அதைத் தொடர்ந்தார்கள், லினக்ஸ் மின்ட்டிலிருந்து சினமன் பிறந்தது. இரண்டும் இன்றும் நடக்கின்றன, ஜினோமும் நடக்கிறது. ஃபோர்க் (உங்கள் நிரலை எடுத்துத் தனியாக வளர்க்கும் பிரிவு) வந்தால் பகைக்காதீர்கள். கோப்பு வடிவத்தையும் தரவுத்தளத்தையும் ஒத்திசைவாக வைக்க ஒப்புக்கொள்ளுங்கள், பாதுகாப்புத் திருத்தங்களைப் பகிருங்கள். பெயரும் சின்னமும் மட்டும் குழப்பமில்லாமல் வேறாக இருக்கட்டும்.

படி 9: பழையதை அகற்றுதல்

இரண்டு முகத்தையும் காவுவதற்குச் செலவு உண்டு. ஒவ்வொரு திருத்தமும் இரண்டு தடவை சோதிக்கப்பட வேண்டும், அந்த 180 படங்கள் 360 ஆகும், கையேட்டின் படங்களும் இரட்டிக்கும். எனவே அகற்றும் நாளை முதலிலேயே சொல்ல வேண்டும், ஆனால் காப்பாற்ற முடிந்த நாளாக. வலைத்தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2018 டிசெம்பரில் 5.0 பதிப்பில் பதிவுகளை எழுதும் புதிய தொகுப்பானைக் கொண்டுவந்தபோது, பழையதை வைத்திருக்கும் நீட்சிக்கு 2021 முடிவுவரை ஆதரவு என்றது. அந்தத் திகதி வந்தும் பல இலட்சம் தளங்கள் அதிலேயே இருந்தன, ஆதரவு மேலும் நீண்டது. அவர்களுக்கு அதைத் தாங்க ஆள்பலம் இருக்கிறது. ஐந்து தொண்டர்கள் நடத்தும் திட்டம் திகதியை மட்டும் நம்பாமல் நிபந்தனைகளை வைக்கலாம்: எட்டு வேலைகளும் புதியதில் பழைய நேரத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்திருக்க வேண்டும், நெருக்கமான அடர்த்தி நிலை வந்திருக்க வேண்டும், "வேலை நின்றது" பெட்டியில் திறந்த இஷ்யூ ஒன்றும் இருக்கக்கூடாது, ஒரு வருடம் கடந்திருக்க வேண்டும்.

அலுவலக மென்பொருளான லிப்ரெஒஃபிஸ் இன்னொரு வழியில் போனது. 2017இல் சோதனையாக வந்த, கருவிகளைத் தாவல்களில் அடுக்கும் நாடாப் பட்டை 2019இல் 6.2 பதிப்பில் எல்லோருக்கும் கிடைத்தது, ஆனால் பழைய கருவிப்பட்டையும் மெனுக்களும் அகற்றப்படவில்லை, பாவனையாளரே தேர்ந்துகொள்ளலாம். பராமரிக்க ஆள் இருந்தால் அதுவும் ஒரு முழுமையான முடிவுதான்.

அகற்றும் பதிப்பில் பழைய தோற்றத்தைத் தெரிவு செய்து வைத்திருந்தவர்களுக்குப் புதியதை நெருக்கமான அடர்த்தியில், நிற ஐகான்களோடு, அவர்களின் பழைய விசைகளோடு திறந்து கொடுங்கள். பழைய பொத்தான் பெயர்களை எழுதித் தேடினால் புதிய இடத்தைக் காட்டும்படி தேடல் பெட்டியில் இணைச்சொற்களைச் சேருங்கள். பழைய தோற்றத்தின் நிரலை நீக்குவதற்கு முன் அந்த நிலைக்கு ஒரு குறிச்சொல் போட்டு வையுங்கள், யாராவது அதைத் தனியாக வளர்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க வேண்டியிருக்காது.